கிலோ விலையா, ஒரு நாள் உணவின் விலையா?

நாய்களுக்கான உலர் உணவு பெருநகரத்துப் பண்டமாக இருந்த காலம் முடிந்துவிட்டது. செல்லப்பிராணி உணவுத் துறையில் ஐந்து ஆண்டுகளில் 500 கோடி ரூபாய் முதலீடு செய்யப்போவதாக கோத்ரெஜ் கன்ஸ்யூமர் நிறுவனம் 2024 மே மாதம் அறிவித்தது. அடுத்த ஆண்டு தனது 'நிஞ்ஜா' நாய் உணவை அது விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, தொடக்கக் களமாகத் தேர்ந்தெடுத்தது தமிழ்நாட்டை. சத்தீஸ்கரில் கோழி வளர்ப்புத் தொழிலிலிருந்து கிளைத்த 'ட்ரூல்ஸ்' நிறுவனத்தில் 2025 ஜூனில் நெஸ்லே பங்கு வாங்கியது. உலகப் பெருநிறுவனங்களும் உள்நாட்டுக் குழுமங்களும் நம் ஊர் நாயின் தட்டைக் குறிவைத்துப் போட்டியிடும் காலம் இது.

இந்தப் போட்டியின் சுவடு தாமிரவருணிக் கரையிலும் தெரிகிறது. எந்த நிறுவனத்தின் உலர் உணவையும் 'பெடிகிரி' என்றே அழைத்துப் பழகிய நம் கடைத்தெருக்களில் இன்று பல பெயர்கள் அடுக்கப்பட்டுள்ளன. பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி சந்திப்பிலும் கடைக்காரர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'பெரிய நாய்க்குக் கட்டுப்படியாகிற விலையில் எது இருக்கிறது?' கேட்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள், தோட்டக் காவலுக்கு நாய் வளர்ப்பவர்கள். பதிலாகக் கடைக்காரர் சொல்வது கிலோ விலையை. அந்த எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்க முடியாது என்பதும், முடிவெடுக்கத் தேவையான மற்ற எண்களைத் தரும் கடமையை நம் சட்டங்கள் எவர் மீதும் சரிவரச் சுமத்தவில்லை என்பதும்தான் இங்கே பேசப்பட வேண்டியவை.

மனிதருக்கே உணவு விலை ஏறிக் கிடக்கும்போது நாய் உணவுக்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால், பெரிய நாயைக் குட்டியாக வாங்கி, அது வளர்ந்து தீனிச் செலவு ஏறியதும் தெருவில் விட்டுவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. தெருநாய்கள் குறித்து 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகள் நாடெங்கும் விவாதத்தை எழுப்பின. தெருநாய்கள் எல்லாம் தெருவிலேயே பிறந்தவை அல்ல என்பதை அந்த விவாதம் போதிய அளவு பேசவில்லை. தீனிச் செலவை முன்கூட்டியே கணக்கிடத் தெரிந்த குடும்பம், தன்னால் வளர்க்க இயலாத நாயை வாங்காது. வாங்கிய நாயைக் கைவிடாது.

இன்னொரு காரணம் நம் மண்ணைச் சார்ந்தது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளங்கள் பணியகம் முதன்முதலாகப் பதிவு செய்த மூன்று நாய் இனங்களில் இரண்டு தமிழ்நாட்டுக்கு உரியவை: இராஜபாளையம், சிப்பிப்பாறை. இரண்டும் நெல்லைச் சீமைக்கு வடக்கே விரியும் கரிசல் வட்டாரத்தின் பெயரைத் தாங்கியவை. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இவற்றையும் கன்னி, கோம்பை இனங்களையும் குறிப்பிட்டு, உள்நாட்டு நாய்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டார். வளர்க்கச் சொல்வது எளிது. எதைப் போட்டு வளர்ப்பது என்பதற்கு விடை தேவை.

முன்பு இந்நாய்கள் எதைத் தின்றன? கரிசல் பக்கம் கம்பங்கூழும் சோளக்கூழும் மோரும். ஆற்றுப்பாசனப் பக்கம் குருணைக் கஞ்சியும் பழைய சோறும். இதோடு வேட்டையில் கிடைத்த முயல். 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் முயல் வேட்டை குற்றம். அது குற்றமாகவே நீடிக்க வேண்டும். ஆனால், தட்டிலிருந்து இறைச்சி போன இடத்தில் வேறொன்றும் வந்து சேரவில்லை. கஞ்சியும் சோறும் மட்டும் மிஞ்சின.

சோறு மட்டும் போதாது என்பதை எண்களாலேயே காட்டலாம். 30 கிலோ எடையுள்ள, வீட்டோடு இருக்கும் வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,440 கிலோ கலோரி தேவை. கால்நடை மருத்துவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் கணக்கு முறையில் வரும் அளவு இது. அதைச் சோற்றால் மட்டும் நிரப்ப 1,100 கிராம் சோறு வேண்டும். அதிலிருந்து கிடைக்கும் புரதம் 30 கிராமைக்கூட எட்டாது. ஆஃப்கோ எனப்படும் அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கத்தின் குறைந்தபட்ச அளவுப்படி அந்த நாய்க்கு 65 கிராம் அளவில் புரதம் வேண்டும். கால்சியமோ சோற்றில் பெயரளவுக்குத்தான் உண்டு. வயிறு நிரம்பியும் தசை வற்றி, மயிர் மங்கி நிற்கும் நாய்களை நம் தெருக்களில் காண்பதற்குக் காரணம் இதுவே.

அதற்காக அரிசியும் சோளமும் நாய்க்கு நஞ்சு என்று விளம்பரங்கள் அச்சுறுத்துவதையும் நம்ப வேண்டியதில்லை. மனிதனோடு வாழத் தொடங்கிய நாய், ஓநாயைவிட மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுப் படிகளைப் பன்மடங்கு பெற்றுள்ளது என்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-இல் 'நேச்சர்' இதழில் நிறுவினர். வேகவைத்த தானியத்தை நாய் நன்றாகவே செரிக்கும். 'தானியம் இல்லாதது' என்ற முத்திரையோடு அதிக விலைக்கு வரும் உணவுகளில் சிலவற்றுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்கலாமா என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணை தொடங்கியதையும் நினைவில் கொள்ளலாம். அந்த முத்திரைக்காகக் கூடுதல் பணம் தர அவசியமில்லை.

உறையைப் படிக்கும் முறை

இனி கடைக்கு வருவோம். உலர் உணவுப் பையின் பின்புறத்தில் புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம் ஆகியவற்றின் விழுக்காடு அச்சிடப்பட்டிருக்கும். இந்நான்கையும் கூட்டி, சாம்பல் சத்துக்கு எட்டு விழுக்காட்டையும் சேர்த்து, நூறிலிருந்து கழித்தால் கிடைப்பது மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் மூன்றரையாலும், கொழுப்பை எட்டரையாலும் பெருக்கிக் கூட்டினால், நூறு கிராம் உணவில் உள்ள கிலோ கலோரி ஏறத்தாழக் கிடைத்துவிடும். கைப்பேசியில் ஒரு நிமிட வேலை.

எடுத்துக்காட்டாக இரு பைகளைக் கொள்வோம். விலைகள் கணக்குக்காக வைத்தவை. முதல் பையில் புரதம் 20, கொழுப்பு 10, நார் 4, ஈரப்பதம் 10 விழுக்காடு. கிலோ 200 ரூபாய். இரண்டாவதில் புரதம் 24, கொழுப்பு 14, நார் 3, ஈரப்பதம் 10. கிலோ 250 ரூபாய். முதலாவதில் நூறு கிராமுக்கு 323 கிலோ கலோரி, இரண்டாவதில் 347. நம் 30 கிலோ நாய்க்கு முதலாவதில் நாளுக்கு 446 கிராமும் இரண்டாவதில் 416 கிராமும் தேவைப்படும். மாதச் செலவு முறையே 2,680 ரூபாய், 3,120 ரூபாய். கிலோ விலையில் 20 விழுக்காடாகத் தெரிந்த மலிவு, தட்டில் 14 விழுக்காடாகக் குறைகிறது.

இதோடு முடிவதில்லை. மலிவான உணவு இன்னொன்றைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாகச் செரிக்குமானால், அதே சத்துக்கு அந்த அளவு கூடுதலாகப் போட வேண்டும். அப்போது இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மாதத்துக்கு 140 ரூபாய்தான். செரிமானத் திறனை உறை சொல்லாது, நாய் சொல்லும். புதிய உணவுக்கு மாறிய பின் மலம் அளவில் பெருத்து, இளகி வந்தால், நாம் கொடுத்த பணத்தின் ஒரு பகுதி அப்படியே வெளியேறுகிறது என்று பொருள். ஆனால், ஏழு முதல் பத்து நாள் வரை பழைய உணவோடு சிறுகச் சிறுகக் கலந்து மாற்றிய பிறகே இந்தச் சோதனை செல்லும்.

கணக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முதல் பையிலேயே அந்த நாய்க்கு நாளுக்கு 89 கிராம் புரதம் கிடைக்கிறது. தேவை 65 கிராம் அளவுதான். ஆகவே, வளர்ந்த, நலமான, வீட்டோடு இருக்கும் பெரிய நாய்க்கு நடுத்தர விலை உணவே போதும். புரதம் 30 விழுக்காடு என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட பைக்கு இரட்டிப்பு விலை தருவது தேவையற்றது. நீண்ட ஓட்டப் பயிற்சி பெறும் நாய், சினையுற்ற நாய், பாலூட்டும் நாய் ஆகியவற்றின் கணக்கு வேறு.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் பெரிய இனக் குட்டியின் தட்டு. சிறிய இனக் குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளும் கால்சியம் அளவு, பெரிய இனக் குட்டிகளின் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால்தான் வளர்ந்தபின் 32 கிலோவைத் தாண்டும் இனங்களின் குட்டி உணவில் கால்சியம் 1.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஆஃப்கோ தனி உச்சவரம்பு வைத்துள்ளது. நம்மிடையேயோ குட்டி உணவும் போட்டு, கால்கள் திடமாகட்டும் என்று கால்சியம் டானிக்கும் ஊற்றும் வழக்கம் உள்ளது. சமச்சீரான குட்டி உணவு தின்னும் குட்டிக்கு அந்த டானிக் தேவையில்லை, தீங்கும் கூட. டானிக் பணத்தை நல்ல குட்டி உணவுக்குத் திருப்புவதே அறிவு.

பாதிக்குப் பாதி

முழுவதும் உலர் உணவு கட்டுப்படியாகாத வீடுகள் பல. அவர்களுக்கு நம் அடுப்படியே துணை. அதே 30 கிலோ நாய்க்கு முதல் வகை உணவில் 220 கிராம், 160 கிராம் அரிசி அல்லது குருணையை வேகவைத்த சோறு, இரண்டு அவித்த முட்டை. இதில் தேவையான கலோரியும் கிடைக்கிறது; புரதம் 68 கிராம் அளவில் சேர்கிறது. உலர் உணவில் ஒரு விழுக்காடு கால்சியம் இருந்தாலே நாளைய தேவை நிறைவேறிவிடும். அரிசி கிலோ 40 ரூபாய், முட்டை 7 ரூபாய் என்று கொண்டால் மாதச் செலவு 1,930 ரூபாய் அளவில் நிற்கும். உலர் உணவின் பங்கைப் பாதிக்கும் கீழே இறக்கினால் கால்சியமும் நுண்சத்துகளும் குறையத் தொடங்கும், அதுதான் எல்லை.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். மிஞ்சிய சாம்பாரையும் குழம்பையும் நாய்ச் சோற்றில் ஊற்றும் பழக்கத்தை விட வேண்டும். அவற்றில் உள்ள சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். அடுத்து, வெந்த கோழி எலும்பு கூரிய சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கழுத்து, ஈரல் போன்றவற்றை வேகவைத்தால் சதையை மட்டும் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஈரலும் அளவோடுதான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சேமிப்பு, அளவுக்கு மேல் போடாமல் இருப்பது. லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்து 2002-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வில், உடன்பிறந்த நாயைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு பெற்ற நாய்கள் இடைநிலையாக 1.8 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன. அந்த ஆய்வை நடத்தியது ஒரு நாய் உணவு நிறுவனம் என்பதால், குறைவாகப் போடச் சொல்லும் அதன் முடிவுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்; கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. பெரிய, ஆழ்ந்த மார்புடைய நாய்க்கு ஒரே வேளையில் முழு உணவையும் கொட்டாமல் இரு வேளையாகப் பிரிப்பதும் முக்கியம். வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து அத்தகைய நாய்களுக்கே அதிகம்.

உதிரி விற்பனையின் ஆபத்து

மலிவைத் தேடுவோர் கைக்கு எளிதில் வருவது, மூட்டையைப் பிரித்து உதிரியாக எடைபோட்டு விற்கப்படும் உணவு. வாங்கும் அளவு சிறியது என்பதால் கைக்கு அடக்கமாகத் தோன்றும். ஆனால், அந்தப் பாலித்தீன் பொட்டலத்தில் சத்து விவரம் இல்லை, தயாரிப்பு நாள் இல்லை, தொகுதி எண் இல்லை. நெல்லையின் கோடை வெயிலில் திறந்த மூட்டையின் கொழுப்பு சிக்கடித்துப் போகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். மக்காச்சோளம் சேர்ந்த தீவனத்தில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நஞ்சு நாயின் ஈரலை அழிக்கக் கூடியது. அமெரிக்காவில் 2020 இறுதியில் ஒரு நிறுவனத்தின் உலர் உணவில் இந்நஞ்சு மிகுந்து நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்தன. தொகுதி எண் இருந்ததால் எந்தப் பைகள் என்று அங்கே கண்டறிந்து திரும்பப் பெற முடிந்தது. உதிரிப் பொட்டலத்தில் அதற்கும் வழியில்லை. மாதம் ஒன்றில் தீரும் அளவுள்ள மூடிய பையை வாங்கி, அந்தப் பையோடு மூடியுள்ள டப்பாவில் வைப்பதே பாதுகாப்பு. கிலோ விலை உறையிலேயே அச்சிடப்பட வேண்டும் என்ற எடையளவு விதி இப்போது இருப்பதால், எந்த அளவுப் பை மலிவு என்று ஒப்பிடுவதும் எளிது.

அரசு செய்ய வேண்டியது

இத்தனை கணக்கையும் வாங்குபவர் தலையில் கட்டுவது சரியா? இல்லை. உறையில் அச்சிட்ட எண் உண்மையா என்பதை எந்தக் குடும்பமும் வீட்டில் சோதிக்க இயலாது. புரதம் என்று உறை சொல்வது பெரும்பாலும் நைட்ரஜனை அளந்து பெருக்கிய எண். 2007-இல் சீனாவிலிருந்து சென்ற மூலப்பொருளில் மெலமைன் என்ற வேதிப்பொருளைக் கலந்து, புரத எண்ணை உயர்த்திக் காட்டிய மோசடியில் அமெரிக்காவில் ஏராளமான நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. எண் சரியாக இருந்தது. உணவு நஞ்சாக இருந்தது.

நம் நாட்டில் இதைக் கண்காணிப்பது யார்? 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம், 'உணவு' என்ற சொல்லின் வரையறையிலிருந்து விலங்குத் தீவனத்தை விலக்கி வைத்துள்ளது. நாய், பூனை உணவுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 11968 என்ற தரத்தை வகுத்துள்ளது. ஆனால், அதைப் பின்பற்றுவது உற்பத்தியாளரின் விருப்பம். வரி வசூலிப்பதில் மட்டும் இந்தத் தயக்கம் இருக்கவில்லை. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது மாட்டுத் தீவனமும் கோழித் தீவனமும் விலக்குப் பெற்றன. பையில் அடைத்த நாய் உணவு 18 விழுக்காட்டு அடுக்கில் வைக்கப்பட்டது. மாட்டுத் தீவனத்துக்கு விலக்கு அளித்தது நியாயமே. ஆனால், ஒரு பொருளை வரிக்காக இவ்வளவு துல்லியமாக அடையாளம் காண முடிந்த அரசுக்கு, அதன் தரத்தைக் கட்டாயமாக்க முடியாது என்பதை ஏற்க முடியாது.

மூன்று செயல்கள் உடனடியாகச் சாத்தியம். முதலாவது, 2016-ஆம் ஆண்டின் தர நிர்ணய அமைவனச் சட்டம் தரும் அதிகாரத்தின்படி, தரக் கட்டுப்பாட்டு ஆணை ஒன்றைப் பிறப்பித்து நாய் உணவுத் தரத்தை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும். இரண்டாவது, நூறு கிராமுக்கு எத்தனை கிலோ கலோரி, எத்தனை விழுக்காடு கால்சியம் என்பவற்றை ஒவ்வொரு உறையிலும் அச்சிடச் செய்ய வேண்டும். அமெரிக்காவில் கலோரி அளவைக் குறிப்பிடுவது ஏற்கெனவே நடைமுறை. மூன்றாவது, மாநில அரசின் கையில் உள்ளது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு நாமக்கல்லில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. நெல்லை இராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாவட்டக் கடைகளிலிருந்து ஆண்டுக்கு இருமுறை, குறிப்பாக மழைக்காலம் முடிந்ததும், நாய் உணவு மாதிரிகளை வாங்கிச் சோதித்து, புரதம், கால்சியம், அஃப்ளாடாக்சின் அளவுகளை நிறுவனப் பெயரோடு வெளியிடலாம். உள்நாட்டு இனங்களைக் காப்பதாகச் சொல்லும் அரசுக்கு இது பெரிய செலவாக இராது.

அந்தப் பட்டியல் வெளியாகும் நாளில், விலை குறைந்த நல்ல உணவுக்கும் விலை குறைந்த மோசமான உணவுக்கும் இடையிலான வேறுபாடு எல்லோருக்கும் தெரியவரும். நேர்மையான சிறு உற்பத்தியாளருக்கும் அதுவே பாதுகாப்பு. அதுவரை, கடையில் கிலோ விலையைக் கேட்டவுடன் பையைத் திருப்பிப் பின்புற எண்களைப் படிப்பதும், என் நாய்க்கு இது ஒரு நாளைக்கு எத்தனை ரூபாய் ஆகும் என்று கணக்கிட்ட பின்பே பணத்தை எடுப்பதும் வாங்குபவரின் கையில் இருக்கிறது.